ஆல்டன் எல்லிஸை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? செகா கேட்டு வளர்ந்த காதுகளுக்கு ஒரு வழிகாட்டி

முதலில் ஒரு விஷயம்: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ஆல்டன் எல்லிஸ் பாடிய ராக்ஸ்டெடி என்ற ஜமைக்கப் பாட்டு வகையில் பாதி வேலையைச் செய்வது பேஸ் கிட்டார். அதன் தடித்த கம்பியின் அடிச் சுரம் 41 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது, போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் அதைத் தொடவே முடியாது, அதனால் குரலும் கொஞ்சம் கிட்டார் சத்தமும் மட்டும் காதில் விழும், 'என்ன இது, சப்பென்று இருக்கிறதே' என்று அடுத்த பாட்டுக்குப் போய்விடுவீர்கள். சாதாரண ஹெட்போன் போதும். கார் ஸ்டீரியோ இன்னும் நல்லது. காலையில் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸுக்குள் நுழைய முடியாமல் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சங்கீதம் எனக்குத் தெரிந்து கிடையாது.

இது யாருக்காக எழுதியது என்றால், நம் மொரிஷியஸில் பிறந்து, தெருவில் நம் தீவின் நாட்டுப்பாட்டான செகாவும், அதோடு ரெகே கலந்த செகேயும், வீட்டில் தமிழ் சினிமாப் பாட்டும், கோயிலில் காவடிச் சிந்தும் கேட்டு வளர்ந்து, ஜமைக்கா என்றாலே பாப் மார்லி என்று நிறுத்திக்கொள்கிறவர்களுக்காக. மார்லியின் பெயர் உலகம் முழுக்கப் பரவுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனின் நடன அரங்குகளில் ஆல்டன் எல்லிஸ் பெரிய ஆள். 'ராக்ஸ்டெடியின் காட்ஃபாதர்' என்று அவரைச் சொல்வார்கள். ராக்ஸ்டெடி என்பது 1966 வாக்கில் தொடங்கி 1968க்குள் முடிந்துபோன ஒரு குறுகிய காலம். அதற்கு முன் வேகமான ஸ்கா, அதற்குப் பின் ரெகே. அவ்வளவு சின்னக் காலத்தில் வந்த பாட்டுகளை வைத்துத்தான் ஜமைக்கா இன்றுவரை பிழைக்கிறது என்று நான் அடித்துச் சொல்வேன், கொஞ்சம் மிகையாக இருந்தாலும் பரவாயில்லை.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்

ஒருவரின் வாழ்க்கையைப் பிறந்த வருடத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். இவரைப் பொறுத்தவரை அது வேலைக்கு ஆகாது. அவருடைய புகழ் அவர் பெயரில் இருப்பதைவிட மற்றவர்கள் பாட்டுக்குள் ஒளிந்து கிடப்பதுதான் அதிகம், ஆகவே நீங்கள் ஏற்கெனவே கேட்ட இடத்திலிருந்து பின்னோக்கிப் போவது சுலபம்.

ஷான் பாலும் சாஷாவும் சேர்ந்து பாடிய 'ஐ'ம் ஸ்டில் இன் லவ் வித் யூ' உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2002ல் வந்த 'டட்டி ராக்' தொகுப்பில் இருப்பது. அதைப் போடுங்கள். வார்த்தைகளை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸை மட்டும் பிடித்து, வாய்க்குள் முணுமுணுத்துப் பழகுங்கள். பேஸ் மனப்பாடம் ஆனபிறகு, எழுபதுகளின் கடைசியில் மார்சியா எய்ட்கன் என்ற பெண் பாடிய அதே பாட்டைப் போடுங்கள், தயாரிப்பு ஜோ கிப்ஸ். அதே பேஸ். அதன் மேலேயே டிரினிட்டி என்பவர் பேச்சும் பாட்டுமாக 'த்ரீ பீஸ் சூட்' என்று ஒன்று செய்தார், அதற்குப் பதிலடியாக ஆல்தியா, டோனா என்ற இரண்டு இளம்பெண்கள் 'அப்டவுன் டாப் ராங்கிங்' பாடினார்கள், அது 1978 பிப்ரவரியில் பிரிட்டனில் முதல் இடத்துக்கே போய்விட்டது. எல்லாம் கேட்டு முடித்தபிறகு, கடைசியாக, 1967ல் கிங்ஸ்டனின் ஸ்டூடியோ ஒன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆல்டன் எல்லிஸ் பாடிய மூலத்துக்கு வாருங்கள். வேகம் குறைவு, குரல் தனியாக நிற்கும், அலங்காரம் ஒன்றும் இல்லை. வேறு வேறு பாட்டுகள் என்று நினைத்தது எல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வந்தது என்று அப்போது உங்கள் காதே சொல்லும்.

இதே மாதிரி இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. அவருடைய 'மேட் மேட்' பாட்டின் அடித்தளத்தில்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் மிச்சிகன், ஸ்மைலி ஜோடி 'டிசீசஸ்' பாடியது, பின்னாலேயே எல்லோமேன் தன்னுடைய புகழ்பெற்ற 'ஜங்குஜங்கு'வைப் பாடினார். முதல் சங்கிலி பிடித்திருந்தால் மட்டும் இதற்குப் போங்கள்.

இப்போது வாழ்க்கைக் கதை

காது தயாரானபிறகு தேதிகள் தானாக ஒட்டிக்கொள்ளும். 1938 செப்டம்பர் 1ல் கிங்ஸ்டனில் பிறந்தார், அந்த நகரத்து ஏழைகள் குடியிருப்பான டிரெஞ்ச்டவுனில் வளர்ந்தார். முதலில் அவர் பாடகர் இல்லை, நடனக்காரர். அந்தக் காலத்து கிங்ஸ்டனில் வியர் ஜான்ஸ் என்பவர் சினிமாத் தியேட்டர் மேடைகளில் திறமைப் போட்டி நடத்திவந்தார், பின்னாளில் பெயர் வாங்கிய பாதிப்பேர் அங்கே ஏறி இறங்கியவர்கள்தான், ஆல்டனும் அங்கே ஆடி, அப்புறம் பாட்டுக்கு மாறினார். எடி பெர்கின்ஸ் என்ற நண்பரோடு 'ஆல்டன் அண்ட் எடி' என்று ஜோடி சேர்ந்து, 1959ல் காக்ஸன் டாட் என்ற தயாரிப்பாளருக்காக 'மியூரியல்' பாடினார்கள். அது ஓடியது. எடி அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். ஆல்டன் பிழைப்புக்கு அச்சகத் தொழிலுக்குப் போனார், அப்புறம் திரும்பி வந்து ஜான் ஹோல்ட்டோடு சேர்ந்து பார்த்தார், ஹோல்ட் பாரகன்ஸ் குழுவுக்குப் போனதும் தானே 'த ஃபிளேம்ஸ்' என்று ஒரு குழு வைத்தார். தங்கை ஹார்ட்டென்ஸ் எல்லிஸும் நல்ல பாடகி. அண்ணன் தங்கை இருவர் பாட்டும் சேர்ந்த ஸ்டூடியோ ஒன் தொகுப்பு ஒன்று இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள்; என்னைக் கேட்டால் ஹார்ட்டென்ஸுக்குக் கிடைக்கவேண்டிய பெயரில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் 'டான்ஸ் க்ராஷர்' பாட்டை நிறுத்தி நிதானமாகக் கேளுங்கள். 1965. ஜமைக்கா சுதந்திரம் வாங்கி மூன்று வருடம், கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து வேலை கிடைக்காமல் கத்தியோடு திரிந்த இளைஞர்களை 'ரூட் பாய்' என்றார்கள், பல பாடகர்கள் அவர்களைப் பற்றிப் பெருமையாகவே பாடினார்கள். டிரெஞ்ச்டவுனிலேயே வளர்ந்த ஆல்டன் எதிர்ப் பக்கம் நின்றார். நடன இரவைக் கெடுக்காதே, கத்தியைத் தூக்காதே என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் பாட்டு அது, அடுத்து வந்த 'க்ரை டஃப்' பாட்டும் அந்த வகைதான். உபதேசம் மாதிரித் தெரியும், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மேடை ஏறவேண்டிய ஒருவர் அப்படிப் பாட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் 1966, 'கேர்ள் ஐ'வ் காட் எ டேட்'. ஸ்காவின் ஓட்டம் தணிந்து, பாட்டு நடைக்கு இறங்கியது இந்தக் காலத்தில்தான். ஏன் இறங்கியது என்பதற்கு ஆல்டன் ஒரு கதை சொல்வார்: ரெக்கார்டிங்குக்கு பேஸ் வாசிப்பவர் வரவில்லை, கீபோர்டில் இருந்த ஜாக்கி மிட்டூ இடது கையாலேயே பேஸையும் வாசித்தார், ஒரு கையால் அவ்வளவு வேகமாக ஓட முடியவில்லை, பாட்டு தானாக மெதுவாகிவிட்டது. 1966ன் கோடை வெயிலில் யாராலும் ஸ்காவுக்கு ஆட முடியவில்லை, அதனால்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. முதல் ராக்ஸ்டெடி எது என்ற சண்டையும் அப்படித்தான், ஹோப்டன் லூயிஸின் 'டேக் இட் ஈஸி' என்று ஒரு கட்சி, வேறு பாட்டைச் சொல்லும் இன்னொரு கட்சி. அந்த வாதத்தில் இறங்காதீர்கள், முடிவே கிடையாது. அந்த நடைக்கே பெயர் சொல்லி 'கெட் ரெடி ராக் ஸ்டெடி' என்று பாடியவர் ஆல்டன், அது போதும்.

1968 மார்ச் 12ல் நம் தீவு சுதந்திரம் கொண்டாடியபோது ஜமைக்காவில் ராக்ஸ்டெடி அடங்கி ரெகே தலை தூக்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு தேதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் முன்னே பின்னே எங்கே வரும் என்று குழம்பமாட்டீர்கள்.

இரண்டு ஸ்டூடியோவைக் காதால் பிரிப்பது

அறுபதுகளில் ஆல்டன் இரண்டு பேரிடம் மாறி மாறிப் பாடினார். ஒருவர் பிரென்ட்ஃபோர்ட் ரோட்டில் ஸ்டூடியோ ஒன் நடத்திய காக்ஸன் டாட். இன்னொருவர் டியூக் ரீட், முன்னாள் போலீஸ்காரர், பாண்ட் ஸ்ட்ரீட்டில் இருந்த தன் மதுக்கடைக்கு மாடியிலேயே ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவைக் கட்டிக்கொண்டவர். ரெக்கார்டு லேபிளைப் பார்க்காமல் எது எங்கே பதிவானது என்று சொல்லப் பழகுவதுதான் இந்த வழிகாட்டியின் நடு வேலை, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ட்ரெஷர் ஐல் பாட்டுகள் பளபளப்பாக இருக்கும். டாமி மெக்கூக்கின் சாக்ஸஃபோன் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும், பின்னணிக் குரல்கள் பஞ்சு மாதிரி. கூடவே ஒரு கிட்டாரைக் கவனியுங்கள், லின் டெய்ட் வாசிப்பது. அவர் ஜமைக்காக்காரர் இல்லை, டிரினிடாட்டிலிருந்து வந்தவர், சின்ன வயதில் ஸ்டீல் பேன் வாசித்தவர். பேஸ் போகிற வழியிலேயே கிட்டாரை மேல் ஸ்தாயியில், கம்பியை உள்ளங்கையால் லேசாக அமுக்கிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக வாசிப்பார். அந்த 'டுப் டுப் டுப்' ஓசை ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அப்புறம் எந்த ராக்ஸ்டெடிப் பாட்டிலும் அதுதான் முதலில் கேட்கும். ஸ்டூடியோ ஒன் இவ்வளவு நாசூக்கு இல்லை. பேஸ் முன்னால் வந்து நிற்கும், ஜாக்கி மிட்டூவின் ஆர்கன் குறுக்கே வெட்டும், எல்லோரும் ஒரே அறையில் நெருக்கி உட்கார்ந்து வாசித்தது தெரியும். 'ஐ'ம் ஸ்டில் இன் லவ்' ஸ்டூடியோ ஒன். 'கேர்ள் ஐ'வ் காட் எ டேட்' ட்ரெஷர் ஐல். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எனக்குப் பிடித்தது ஸ்டூடியோ ஒன்தான், ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு ட்ரெஷர் ஐலைத்தான் முதலில் கொடுப்பேன்.

தாளத்தை உடம்பில் ஏற்றுவது

நமக்கு இதில்தான் சிக்கல். செகாவின் துள்ளல் மூன்று மூன்றாக வருவது, நம் காவடிச் சிந்தும் திஸ்ர நடை, ஆக நம் கால் தானாக மூன்றில்தான் ஆடும். ராக்ஸ்டெடி நான்கு. நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். கிட்டாரும் பியானோவும் இரண்டிலும் நான்கிலும் வெட்டும். டிரம்ஸ் கனமாக விழுவது மூன்றில். முதல் அடி, அதாவது நாம் எல்லோரும் ஓங்கித் தட்டுகிற சமம், பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் மிருதங்கமோ வாய்ப்பாட்டோ படித்தவர்கள் இருந்தால் அவர்களுக்குச் சட்டென்று புரியும், சமத்தை விட்டுத் தள்ளி எடுக்கிற பாட்டில் தாளத்தை உள்ளுக்குள் வைத்துக்கொள்கிற அதே பயிற்சிதான். மற்றவர்கள் வலது கையால் தொடையில் இரண்டையும் நான்கையும் மட்டும் தட்டி, காலால் மூன்றை அழுத்திப் பழகுங்கள். பேஸ் எங்கே பேசாமல் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஸ்காவில் அது நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும், இங்கே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

கடற்கரைப் பிக்னிக்கில் கூட்டமாக வாசிக்க நினைத்தால் ரவானை, அதாவது செகாவுக்கு வாசிக்கும் கை மேளத்தை, என்ன செய்வது என்ற கேள்வி வரும். ஆட்டுத்தோல் ரவானைத் தீயில் காட்டி இறுக்கிக் கையில் எடுத்த மனிதரிடம் செகா வாசிக்காதே என்று சொல்வது கஷ்டம். எங்கள் கூட்டத்தில் "மாமா, மூணுல மட்டும் போடுங்க" என்றதற்கு, "அப்போ மத்த நேரம் என் கையை என்ன பண்றது?" என்று அவர் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. நடைமுறை வழி என்னவென்றால், ரவானின் நடுவில் விழும் கனமான அடியை மூன்றுக்கு வைத்துவிட்டு, விளிம்புத் தட்டலை அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள். கொஞ்சம் செகேப் பக்கம் சாயும், சாயட்டும். ரோஷ் புவாவில் பிறந்த பாடகர் காயா செகாவையும் ரெகேயையும் கலந்துதானே செகேயை ஊர் முழுக்கக் கொண்டுபோனார். 1999 பிப்ரவரியில் போலீஸ் காவலில் அவர் இறந்ததும், அதற்குப் பின் தீவு பற்றி எரிந்ததும் நம் வீடுகளில் யாரும் மறக்காத விஷயம். (ஒரு சின்ன வேண்டுகோள்: காவடி விரத நாட்களில் இந்த மாதிரி பிக்னிக் வைக்காதீர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் ரெகேக்குக் கெட்ட பெயர் வாங்கித் தராதீர்கள்.)

குரலை எப்படிக் கேட்பது

ஆல்டன் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் பாட்டுகளையும் பிரிட்டிஷ் பாட்டுகளையும் திரும்பப் பாடினார். அது நமக்கு வசதி, ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டின் மூலத்தையும் (பிரிட்டனின் ப்ரோக்கல் ஹாரம் குழு பாடியது) இவர் பாடியதையும் அடுத்தடுத்துப் போடுங்கள். 'யூ'வ் மேட் மீ சோ வெரி ஹேப்பி' பாட்டையும் அப்படியே செய்யுங்கள், ப்ரெண்டா ஹாலோவேயின் மூலத்தோடு. என்ன வித்தியாசம்? இவர் தாளத்துக்கு ஒரு இழை பின்னால் வருவார். வரியை உடனே எடுக்கமாட்டார், பேஸ் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து, அப்புறம் சாவகாசமாக நுழைவார். மேல் ஸ்தாயிக்குப் போகும்போதும் கத்தல் இருக்காது, குரல் லேசாக உடையப் போகிற மாதிரி வந்து உடையாமல் நிற்கும். பாடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்தக் காத்திருப்பை முதலில் பழகுங்கள், கமகமெல்லாம் போடவேண்டாம். மொழி பற்றிய பயமும் வேண்டாம். நடன அரங்கில் மைக் பிடிப்பவர்களின் பாத்வா என்ற ஜமைக்கப் பேச்சுமொழி நமக்குப் பிடிபட நேரம் ஆகும், ஆல்டன் பெரும்பாலும் தெளிவான ஆங்கிலத்தில் பாடுகிறவர், பள்ளிக்கூட ஆங்கிலமே தாராளம்.

காதல் பாட்டுதான் அவருக்கு வரும் என்று நினைத்துவிட வேண்டாம். எழுபதுகள் பிறக்கும்போது 'லார்ட் டெலிவர் அஸ்', 'பேக் டு ஆப்பிரிக்கா' என்று அவர் பாடியது வேறு முகம். காதல் பாட்டில் கெஞ்சிய அதே குரல் இங்கே நியாயம் கேட்கும்.

எந்தத் தொகுப்பை எடுப்பது

ட்ரெஷர் ஐல் காலத்துக்கு 'மிஸ்டர் சோல் ஆஃப் ஜமைக்கா'. ஸ்டூடியோ ஒன்னுக்கு 'சிங்ஸ் ராக் அண்ட் சோல்', அப்புறம் 'சண்டே கமிங்'. ஒரே அடியில் எல்லாம் வேண்டும் என்றால் ட்ரோஜன் நிறுவனம் வெளியிட்ட 'பி ட்ரூ டு யுவர்செல்ஃப்', 1965லிருந்து 1973 வரைக்குமான தொகுப்பு.

இணையத்தில் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே பாட்டை அவர் இரண்டு தயாரிப்பாளருக்கும், பின்னாளில் லண்டனிலும் மறுபடி மறுபடி பாடியிருக்கிறார், தலைப்பு ஒன்றாக இருந்தாலும் பதிவு வேறாக இருக்கும். ஸ்டூடியோ ஒன் பழைய பதிவுகள் சிலவற்றின் மேல் எழுபதுகளில் புதிதாகத் தாள வாத்தியம் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள், அதைக் கேட்டுவிட்டு 1967லேயே இப்படி இருந்ததா என்று வியக்கவேண்டாம். ஸ்ட்ரீமிங் தளங்களில் போட்டிருக்கும் வருடம் பலநேரம் மறுவெளியீட்டு வருடம்தான். குரல் கொஞ்சம் தடித்து, பின்னால் எலக்ட்ரானிக் டிரம் கேட்டால் அது பிற்காலப் பதிவு, ஒதுக்கி வையுங்கள், பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

லண்டன் காலத்தை நான் சீக்கிரமாகக் கடந்துவிடுவேன். 1967லேயே பாடகர் கென் பூத்தோடும் ஸ்டூடியோ ஒன் வாத்தியக்காரர்களோடும் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் கனடாவுக்குப் போய், அங்கிருந்து பிரிட்டனுக்கே குடிபெயர்ந்துவிட்டார். காரணத்தில் பெரிய பங்கு பணம்தான். தன் பாட்டுகள் ஊரெல்லாம் ஓடியும் தனக்கு வரவேண்டியது வரவில்லை என்று பேட்டிகளில் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவர் பாட்டின் பேஸை எடுத்து இன்னொருவர் பாட்டுக்குப் போட்டுக்கொள்வது அங்கே அன்றைக்குச் சர்வசாதாரணம், பாடகருக்குச் சல்லிக்காசு வராது, மேலே சொன்ன சங்கிலியைக் கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 'ஆல்டோன்' என்று சொந்த லேபிள் தொடங்கினார். 1994ல் ஜமைக்கா அரசு ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்ஷன் விருது கொடுத்தது. புற்றுநோய் வந்தபிறகும் மேடை ஏறிக்கொண்டிருந்தவர், 2008 அக்டோபர் 10ல் லண்டனில் இறந்தார். மகன் கிறிஸ்டோபர் எல்லிஸும் பாடகர்.

சரி, இவ்வளவும் கேட்டபிறகு அடுத்து யார்? குரலின் கரகரப்பு பிடித்திருந்தால் கென் பூத். ட்ரெஷர் ஐலின் பளபளப்பு பிடித்திருந்தால் ஃபிலிஸ் டிலன், அதே வீட்டுப் பெண் குரல், லின் டெய்ட் கிட்டாரும் அங்கே நிறையவே கிடைக்கும். சிறுவனாக இருக்கும்போதே பாட வந்து கடைசிவரை ஏக்கம் மாறாத குரல் வேண்டுமானால் டெல்ராய் வில்சன். ஜான் ஹோல்ட்டிடம் போகிறவர்கள் எழுபதுகளில் வயலின் கூட்டத்தோடு பாடியதை விட்டுவிட்டு, பாரகன்ஸ் காலத்திலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே 'த டைட் இஸ் ஹை' கிடைக்கும், ப்ளாண்டி குழு பின்னாளில் உலகம் முழுக்க ஓட்டிய பாட்டின் மூலம், அதையும் பேஸிலிருந்தே தொடங்குங்கள்.